பழைய கண்ணாடியிழைத் தூண்டில் கோலை மீண்டும் ஆற்றுக்குக் கொண்டுபோவது எப்படி

அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் சிறுவர்களாக இருந்தவர்களின் வீட்டு நிலவறையைத் துழாவினால், இரண்டு துண்டுகளாகக் கழற்றித் துணிப்பையில் சுருட்டி வைத்த ஒரு கண்ணாடியிழைத் தூண்டில் கோல் பெரும்பாலும் அகப்படும். அப்பா ட்ரவுட் மீன் பிடித்த கோல், கோடை விடுமுறையில் சம்பாதித்த காசில் வாங்கிய கோல் என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் மிச்சிகன் வந்து சேர்ந்த எனக்கு அப்படிப்பட்ட கதை எதுவும் கிடையாது. ஒரு வீட்டு முற்றத்து விற்பனையில் சில டாலருக்கு வாங்கிய வெள்ளைக் கோல் ஒன்றுதான் என்னை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டது. பிறருடைய இளமை நினைவைக் காசு கொடுத்து வாங்கியவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்: நினைவுக்காக இந்தக் கோலை எடுப்பவர்களில் பலர் ஒரே நாளில் ஏமாந்து அதை மறுபடி நிலவறைக்கே அனுப்பிவிடுகிறார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் கோல் கிடையாது, பொருந்தாத லைனும் (தூண்டில் நரம்பு) அவசரப்படும் கையும்தான். அந்த இரண்டையும் சரிசெய்வதே இந்தக் கட்டுரையின் முதன்மையான வேலை.

நான் சொல்லும் கோல்கள் ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிப்பதற்கு, உரியவை. அது பழக்கமில்லாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இறகாலும் நூலாலும் கட்டிய செயற்கைப் பூச்சிக்கோ சொல்லும்படியான எடையே இல்லை என்பதால், இங்கே தடித்த லைனின் எடையைத்தான் வீசுகிறோம், பூச்சி அதன் வாலைப் பற்றிக்கொண்டு போகிறது. பின்னால் வீசும்போது லைனின் எடை கோலை வளைக்கிறது, முன்னால் வீசும்போது கோல் நிமிர்ந்து அந்த ஆற்றலை லைனுக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே ஒரு கோல் எவ்வளவு எளிதாக வளைகிறது, எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்ற இரண்டுமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

இன்றைய கோல்களில் இருக்கும் கார்பன் இழை, சாதாரணக் கண்ணாடி இழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, எடையிலும் குறைந்தது. அதனால் கார்பன் கோல் சுள்ளென்று நிமிர்கிறது. கண்ணாடியிழைக் கோல் தன் எடையாலேயே சற்று வளைந்து, பிடி வரை மெல்ல அசைந்து, நிதானமாக நிமிர்கிறது. ஆனால் முறிவதற்கு முன் கண்ணாடி இழை கார்பனைவிடக் கூடுதலாக நீளக்கூடியது என்பதால் அடிகளையும் திடீர் இழுப்புகளையும் அது நன்றாகத் தாங்கும். ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய கோல்கள் இன்னும் ஆற்றில் இறங்கத் தகுதியோடு கிடைப்பது இதனால்தான்.

எந்தக் கோலைத் தேடுவது

வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது, ஏனெனில் கோலின் வயதும் வகையும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. பிளாஸ்டிக் பிசின் துறையில் வேலை பார்த்த ஆர்தர் ஹோவல்ட் என்ற அறிவியலாளர் 1944இல் தமது மூங்கில் கோலின் நுனி முறிந்துபோனபோது, கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து மாற்று நுனி ஒன்றைச் செய்துகொண்டார். அந்த முறையை மிச்சிகனின் கலமசூ நகரத்து ஷேக்ஸ்பியர் நிறுவனம் எடுத்துக்கொண்டு, போர் முடிந்த சிறிது காலத்திலேயே ‘வொண்டர்ராட்’ என்ற பெயரில் கோல்களை விற்கத் தொடங்கியது. அதற்கு முன் நல்ல கோல் என்றால் சீனாவிலிருந்து வந்த டோங்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டியதுதான். 1950இல் சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடைசெய்ததும் அந்த மூங்கிலின் வரத்து நின்றது, மலிவாகவும் உறுதியாகவும் இருந்த கண்ணாடியிழை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் கோலை, அதாவது கார்பன் இழைக் கோலை, அறிமுகப்படுத்தியதும் கண்ணாடியிழைக்கு இறங்குமுகம் தொடங்கியது. ஆக, நாம் தேடும் கோல்கள் பெரும்பாலும் இந்த முப்பது ஆண்டுக் காலத்தவை.

வெள்ளை வொண்டர்ராட் எங்கும் கிடைக்கும், உறுதியானது, முதல் கோலாக வைத்துக்கொள்ளத் தகுந்தது. ஃபென்விக்கின் பழுப்புக் கோல்கள் அதைவிட மென்மையானவை. அவற்றின் பிடிக்கு மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்: எஃப்எஃப்756 என்றால் ஏழரை அடி நீளம், 6ஆம் எண் லைன், எஃப்எஃப்857 என்றால் எட்டரை அடி நீளம், 7ஆம் எண் லைன் (லைன் எண்ணின் பொருளைப் பின்னால் சொல்கிறேன்). டென்வர் நகரத்தில் பில் பிலிப்சன் செய்த ‘எபாக்சைட்’ கோல்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்பிளை இழைப்பாளத்தைச் சுற்றிச் செய்த அந்தக் கோல்களில், வீசும்போது கைக்கு ஒரு திண்மை தெரியும். பாசடீனாவின் ரஸ் பீக் கையால் செய்த கோல்களைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். அவற்றின் விலையைக் கேட்டபின் ஆற்றில் கொண்டுபோய்ப் பாறைமேல் சாய்த்துவைக்க எனக்கு மனம் வராது, ஆதலால் அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பழையது கிடைக்கவில்லை என்றால், டென்வரின் ரைட் அண்ட் மெகில் நிறுவனத்தின் மஞ்சள் நிற ‘ஈகிள் கிளா ஃபெதர்லைட்’ இன்றும் கடையில் புதிதாகவே கிடைக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அந்தக் காலத்தில் உட்குழிவு இல்லாத, முழுக் கண்ணாடியிழைக் கம்பியாலும் மலிவான கோல்கள் செய்தார்கள். அவை கனமானவை, ஃப்ளை வீச்சுக்கு உதவாதவை. நுனித்துண்டின் அடிப்பாகம் பென்சிலைப் போல ஒல்லியாக இருந்தும் கையில் கனத்தால் அதை வாங்க வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். அக்காலத்து இரு துண்டுக் கோல்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே நீளம் இருக்கும். நுனித்துண்டு இரண்டு மூன்று அங்குலம் குட்டையாக இருந்தால், எப்போதோ முறிந்த நுனியை வெட்டிவிட்டு, லைன் நுழைந்து ஓடும் வளையத்தை மட்டும் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நுனியின் மூன்று அங்குலம் போனால் கோலின் மென்மை பாதி போயிற்று என்பது என் அனுபவம், சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே அது பயன்படும்.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டே மேற்பரப்பைப் பாருங்கள். வார்னிஷில் ஓடும் மெல்லிய கீறல்கள் கவலைக்குரியவை ஆகா. ஆனால் அடிபட்ட இடத்தில் இழைகள் விலகியிருந்தால், வெளுத்த தழும்பு போல ஒரு புள்ளி தெரியும். அந்த இடத்தை நகத்தால் தட்டினால் மற்ற இடங்களில் கேட்கும் தெளிவான ஓசை வராமல் மங்கிய ஓசை வரும். கார் கதவில் சிக்கி நசுங்கிய கோல்கள் பெரும்பாலும் மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோதான் பழுதாகியிருக்கும், அங்கே விரலை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிறகு பொருத்திய கோலின் அடியிலிருந்து நுனி நோக்கித் துப்பாக்கியால் குறிபார்ப்பது போல ஒரு கண்ணால் பாருங்கள். பல ஆண்டுகள் மூலையில் சாய்த்து வைத்ததால் ஏற்பட்ட சிறு கோணல் வீச்சைக் கெடுப்பதில்லை, மூட்டில் மட்டும் திடீரென்று முறுகித் திரும்பினால் மூட்டே பழுது.

வளையங்களைச் சோதிக்க ஒரு பஞ்சு நூலையோ நைலான் காலுறைத் துண்டையோ ஒவ்வொன்றின் வழியாகவும் இழுத்துப் பாருங்கள். எங்கே இழை பிய்கிறதோ, அங்கே லைன் உராய்ந்து உலோகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, அது உங்கள் புதிய லைனை ஒரு பருவத்தில் அரித்துவிடும். நுனி வளையத்தில்தான் இது பெரும்பாலும் நேரும், அதை மாற்றுவது கடினமான வேலையும் இல்லை.

மூட்டுகள் மூன்று வகையாக வரும். பழையவற்றில் உலோகக் குழல், அதாவது ஃபெரூல், இருக்கும். ஃபென்விக்கின் ஜிம் கிரீன் வடிவமைத்த ‘ஃபெராலைட்’ போன்றவற்றில் உலோகமே இல்லாமல் கண்ணாடியிழைமேல் கண்ணாடியிழையே உறையாக ஏறி அமரும். வேறு சிலவற்றில் அடித்துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முளை நுனித்துண்டுக்குள் செருகும். கண்ணாடியிழை மூட்டுகளில், பொருத்தியபின்பும் சிறிது இடைவெளி தெரிய வேண்டும். தேய்மானத்தால் அந்த இடைவெளி ஆண்டுக்காண்டு குறைந்து, ஒருநாள் முழுவதும் மூடிக்கொண்டால் அதற்குமேல் மூட்டு இறுகாது. விற்பவர் ‘எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்’ என்று பெருமையாகக் காட்டும் கோல்தான் பல நேரம் ஆயுள் முடிந்த கோலாக இருக்கும்.

சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில், நிறம் மங்கிய ஒரு நல்ல கோலைப் புதுப்பிக்க நினைத்து, பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வார்னிஷோடு சேர்ந்து உள்ளே இழைகளைப் பிடித்திருந்த பிசினும் இளகியிருந்தது, துடைத்த துணியில் இழைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கண்ணாடியிழைக் கோலின் உடலில் பெயின்ட் நீக்கியோ அசிட்டோனோ படவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து மென்மையான துணியால் துடைத்தாலே ஐம்பதாண்டு அழுக்கு வந்துவிடும். அதன்பின் கார் மெழுகை ஒரு படலம் தேய்த்தால் போதும். எங்காவது தேய்த்தே ஆக வேண்டுமென்றால், நீர் தோய்ந்த உப்புத்தாளால் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், ஏனெனில் கண்ணாடியிழைத் தூசு தோலிலும் மூச்சுக்குழாயிலும் போய் உறுத்தும்.

பிடி தக்கையால் ஆனது. அதையும் சோப்பு நீராலும் கரகரப்பான தேய்ப்பானாலும் லேசாகத் தேய்த்தால் கறுப்பு போய்த் தேன்நிறம் திரும்பும். பள்ளங்களில் தக்கைத் தூளை மரப்பசையோடு குழைத்து அடைத்து, காய்ந்தபின் மென்மையாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். என்னைக் கேட்டால், முந்தைய உரிமையாளரின் கட்டைவிரல் பதிந்து குழிந்த இடத்தை மட்டும் அடைக்க வேண்டாம். உங்கள் கட்டைவிரலும் அங்கேதான் போய் உட்காரும்.

உலோக மூட்டின் உட்புறத்தைக் காதுப் பஞ்சுக்குச்சியில் ரப்பிங் ஆல்கஹால் தோய்த்துத் துடைத்து எடுங்கள். அதற்கு மெழுகோ எண்ணெயோ வேண்டாம், அழுக்கைத்தான் சேர்க்கும். கண்ணாடியிழை மூட்டுக்கோ, செருகும் பாகத்தில் சாதாரண மெழுகுவத்தியை நாலைந்து கோடு தேய்த்துவிட்டால் பிடிப்பும் கூடும், தேய்மானமும் குறையும். கோலை ஆட்டும்போது ‘டிக், டிக்’ என்று ஓசை வந்தால் உலோகக் குழல் தன் பழைய பசையிலிருந்து விடுபட்டிருக்கிறது. கொதிநீரின் ஆவியில் குழலை மட்டும் சிறிது நேரம் காட்டி இழுத்தெடுத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரு கலவை எபாக்சியால் திரும்ப ஒட்டலாம். நேரடித் தீயில் காட்டினால் உள்ளே இருக்கும் பிசின் கருகும்.

வளையத்தை மாற்றுவது ஒரு மாலை நேரத்து வேலை. பழைய நூற்கட்டை அறுக்கும்போது கத்தியை வளையத்தின் உலோகப் பாதத்தின் மேல் வைத்து மட்டும் அறுங்கள், கோலின் மேல் கத்தி படக் கூடாது. கண்ணாடியிழையில் விழும் ஒரு சிறு வெட்டு நாளைய முறிவுக்கு இன்றே இட்ட அடையாளம் ஆகும். புதிய வளையத்தின் பாதங்களைக் கூராக அரத்தால் தேய்த்து, ஒரு பாதத்தை ஒட்டுநாடாவால் பிடித்துவைத்து, மறுபாதத்திற்குக் கால் அங்குலம் முன்பாகக் கோலின் மேல் நூல் சுற்றத் தொடங்கி, பாதத்தின் மேல் ஏறிச் சுற்றிக்கொண்டே போங்கள். முடிவதற்கு ஆறேழு சுற்று முன்பாகத் தனியாக ஒரு நூற்கண்ணியைச் சேர்த்து வைத்துச் சுற்றி, கடைசி முனையை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால், முனை தன் சுற்றுகளுக்கு அடியிலேயே போய் மறைந்துகொள்ளும். பட்டு நூலானால் வார்னிஷ் பட்டதும் கண்ணாடிபோல் தெளிந்து நிறம் மாறிவிடும் என்பதால், பழைய நிறத்துக்கு ஒத்துப்போக விரும்பினால் தனித்துண்டில் முதலில் பூசிப் பாருங்கள். மெல்லிய பூச்சாக மூன்று முறை வார்னிஷ் போதும், தடிமனாகப் பூசினால் கோலின் எடை கூடி அசைவு மந்தமாகும்.

லைனைப் பொருத்துவது

பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். 1961க்கு முன் லைன்களை எடையால் வகைப்படுத்தவில்லை, விட்டத்தால் வகைப்படுத்தினார்கள், ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் எழுத்து. பழைய கோலில் ‘ஹெச்டிஹெச்’ என்று எழுதியிருந்தால், இரு முனையிலும் மெலிந்து நடுவில் தடித்த பட்டு லைன் ஒன்று அதற்கு உரியது என்று பொருள். இன்றைய கணக்கில் அது 6ஆம் எண்ணுக்கு அருகில் வரும். ‘ஹெச்சிஹெச்’ என்பது 7க்கும், ‘ஹெச்இஹெச்’ என்பது 5க்கும், ‘ஜிபிஎஃப்’ என்பது 8க்கும் அருகில் வரும். 1961இல் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் புதிய முறையைக் கொண்டுவந்தது. அதன்படி லைனின் முதல் 30 அடியின் எடையே அதன் எண்ணைத் தீர்மானிக்கிறது: 5ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், 6க்கு 160, 7க்கு 185. கிராமில் சொன்னால் முறையே ஏறத்தாழ 9, 10.4, 12.

இன்று கடையில் விற்கும் லைன்கள் பலவற்றில், விறைப்பான கார்பன் கோலை வளைக்க வேண்டும் என்பதற்காக, உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு உரியதைவிட அரை எண்ணோ ஓர் எண்ணோ கூடுதலான எடையைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த 6ஆம் எண் லைனைப் பழைய 6ஆம் எண் கோலில் போட்டால் கோல் ஈரத்துணிபோல் துவண்டு விழுகிறது, ‘பழைய கோல்கள் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். லைன் உறையின் பின்புறத்தில் 30 அடியின் எடையைப் பாருங்கள், மேலே சொன்ன எடைக்கு ஒத்துவந்தால் மட்டும் வாங்குங்கள். இரு முனையும் ஒரே மாதிரி மெலியும் டபுள் டேப்பர் வகையை நான் பரிந்துரைக்கிறேன். பின்னால் வீசாமலே லைனை உருட்டிவிடும் உருட்டு வீச்சுக்கு அது இசைவானது, ஒரு முனை தேய்ந்தபின் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் சிக்கனமானதும்கூட.

எண்ணே எழுதாத கோலுக்கு ஒரு வழி உண்டு. அடித்துண்டை மேசையோரத்தில் கிடையாக இறுக்கிப் பிடித்துவைத்து, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, நுனியானது கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும் வரை அதில் அமெரிக்க ஒரு சென்ட் காசுகளைப் போடுங்கள். 1982க்குப் பிந்தைய காசு ஒன்று இரண்டரை கிராம் எடை உள்ளது. அதேபோல், எந்த லைனுக்கு உரியது என்று தெரிந்த இன்னொரு கோலையும் சோதித்து, இரண்டுக்கும் எத்தனை காசுகள் ஆயின என்று ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் கோல் அதைவிட மெலிதா வலிதா என்று தெரிந்துவிடும். மீதியைப் புல்வெளியில் வீசிப் பார்த்து முடிவு செய்யலாம்.

லைனைச் சுற்றிவைக்கும் ரீல் விஷயத்தில் ஒன்றே ஒன்று: எடையில்லாத நவீன ரீலைப் பழைய கோலில் பூட்டினால் நுனி கனத்து மணிக்கட்டு வலிக்கும். ஓஹையோவின் ஏக்ரனில் பிறந்த ப்ளூகர் மெடலிஸ்ட் போன்ற கனமான பழைய ரீல்தான் அதற்கு ஏற்ற இணை, அது இன்னும் மலிவாகவே கிடைக்கிறது.

கையை மெதுவாக்குவது

புல்வெளியில், பூச்சிக்குப் பதிலாக ஒரு சிறு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, 25 அடி லைனோடு தொடங்குங்கள். கார்பன் கோலில் பழகிய கை, பின்வீச்சு முடிந்த கணத்தில் முன்னே வரத் துடிக்கும். கண்ணாடியிழைக் கோல் அப்போது இன்னும் பின்னால் வளைந்துகொண்டே இருக்கும், லைனும் நிமிர்ந்திருக்காது. அந்த நிலையில் முன்னே இழுத்தால் லைன் காற்றில் சுருண்டு தலைமேல் விழும். ஆகவே தலையைத் திருப்பி லைனையே பாருங்கள். அது பின்னால் நீண்டு நிமிரும் கடைசிக் கணத்தில் கைக்கு ஒரு மெல்லிய இழுப்பு தெரியும், அதன்பின் முன்வீச்சைத் தொடங்குங்கள். நான்கைந்து நாள் பழகிய பிறகு பார்க்க வேண்டிய தேவையே இருக்காது, கை தானாகக் காத்திருக்கும்.

இரண்டாவது, வலுவைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடாதீர்கள். ஊஞ்சலை ஆட்டிவிடும்போது எப்படி மெல்லத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் கையை விடுகிறோமோ, அப்படியே வீச்சின் வேகமும் சீராகக் கூடி, கண்ணுக்கு நேர் உயரத்தில் சட்டென்று நிற்க வேண்டும். இடையில் ஒரு குலுக்கல் கொடுத்தால் கோலின் நுனி தாழ்ந்து எழும், அந்த அலை லைனில் அப்படியே பதிந்து, சில நேரம் லீடரில் (லைனுக்கும் பூச்சிக்கும் இடையில் கட்டும் மெல்லிய நரம்பு) முடிச்சாகவே போய் முடியும். கோல் நிறைய வளைவதால் நுனி நேர்க்கோட்டில் போக, கையின் வீச்சுத் தூரத்தைச் சற்றே நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தூரத்தை மறந்துவிடுங்கள். 45 அடிக்கு மேல் இந்தக் கோலை வற்புறுத்தினால் அது உங்களோடு சண்டை போடும். 15லிருந்து 35 அடி வரைதான் அதன் ராஜ்யம். கார்பன் கோலை அவ்வளவு குட்டையான லைனின் எடை வளைக்கவே முடியாது, கண்ணாடியிழைக் கோலோ தன் எடையையும் சேர்த்துக்கொண்டு வளைந்து, பூச்சியைத் தண்ணீரில் சத்தமில்லாமல் இறக்கிவிடும். புதர் மண்டிய ஓடைகளில் பின்வீச்சுக்கே இடமிராது. அங்கே லைனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், கோலை மெல்லப் பின்னிழுத்து, லைன் தோளுக்குப் பின்னால் வயிறுபோல் தொங்கும்வரை நிறுத்தி, முன்னே அழுத்தினால் அது சக்கரம்போல் உருண்டு விரியும். உருட்டு வீச்சு என்ற இதற்கு இந்தக் கோலைவிட இசைவானதை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை.

எங்கே, எதைப் பிடிக்க

முதல் மீனைக் குளத்தில் பிடியுங்கள். உள்ளங்கையளவு ப்ளூகில் மீன்கூட இந்தக் கோலைப் பாதிவரை வளைத்துவிடும், அந்த மகிழ்ச்சிக்காகத்தான் இதை எடுத்தோம். அதன்பின் ஓடைக்குப் போகலாம். நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிச்சிகனின் ஓடைகளில் இருக்கும் ப்ரூக் ட்ரவுட் எட்டு அங்குலம் இருந்தாலே பெரியதுதான், அந்த அளவு மீனுக்கு ஏழு அடி, 5ஆம் எண் கண்ணாடியிழைக் கோல் மிகப் பொருத்தமானது. 17 வயது நிரம்பிய எவரும் இங்கே மீன்பிடி உரிமம் வாங்கியாக வேண்டும் என்பதையும், ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி விதிகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கிரேலிங் நகருக்கு அருகே ஓடும் ஆ சேபிள் ஆற்றுக்கு நான் ஆண்டுதோறும் போவேன். 1959இல் ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பு அதன் கரையில்தான் தொடங்கியது. ஜூன் மாதக் கடைசியில், இருட்டியபின், ‘ஹெக்ஸ்’ என்று இங்குள்ளவர்கள் சுருக்கி அழைக்கும் பெரிய மேஃப்ளை பூச்சிகள் ஆற்றுச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் எழும்பும், பகலெல்லாம் ஒளிந்திருந்த பெரிய ப்ரவுன் ட்ரவுட்டுகள் அவற்றை விழுங்க மேலே வரும். அந்த இருட்டில் லைன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. கோலின் வளைவு கையில் தெரிந்தால்தான் வீசவே முடியும், அதனால் எட்டடிப் பழைய 7ஆம் எண் கண்ணாடியிழைக் கோலை நான் அந்த இரவுகளுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். பகலில் வேறு எதுவும் பலிக்காதபோது ஆடம்ஸ் என்ற சாம்பல்நிறப் பூச்சியைக் கட்டுங்கள். 1922இல் லென் ஹாலடே அதை முதன்முதலில் கட்டியதும் இதே மாநிலத்தில்தான்.

மீன் கடித்ததும் ‘வெடுக்’கென்று இழுக்கும் பழக்கம் இங்கே உதவாது. கோல் மெதுவாக நிமிர்வதால் தூண்டில் முள் பதிய அரைக் கணம் கூடுதலாக ஆகும், கோலை நிதானமாக உயர்த்தினால் போதும். மீன் பாயும்போது கோல் பிடிவரை வளைந்து அதிர்வை உள்வாங்கிக்கொள்வதால், 6எக்ஸ் என்ற, அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு மட்டுமே தடிமனுள்ள நுனி நரம்பிலும் பெரிய மீனைக் கரைசேர்க்கலாம். ஆனால் மீன் காலடிக்கு வந்தபின் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தி அதைத் தூக்க முயலாதீர்கள். முழு விசையும் மெல்லிய நுனியில் இறங்கும் அந்த நிலையில் எந்தக் கோலும் முறியும், பழையதைக் கேட்கவே வேண்டாம். வலையைக் கொண்டு தண்ணீருக்குள்ளேயே அள்ளுங்கள். மின்னல் தெரிந்தால், ‘கார்பன்தான் மின்சாரத்தைக் கடத்தும், இது கண்ணாடி’ என்று வாதாடாமல் கரையேறிவிடுங்கள், நனைந்த கோலும் நனைந்த மனிதனும் நன்றாகவே கடத்துவார்கள்.

வீடு திரும்புமுன் துண்டுகளைக் கழற்றும்போது திருகக் கூடாது, நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். மூட்டு இறுகிப் போயிருந்தால் இன்னொருவரை எதிரே நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கையை அடித்துண்டிலும் மறுகையை நுனித்துண்டிலும் வைத்து ஒரே நேரத்தில் இழுத்தால், விசை கோணாமல் நேராகப் போய் மூட்டு விடுபடும். தனியாக இருந்தால் குனிந்து, கோலை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை வெளிப்பக்கமாக அகற்றித் தள்ளுங்கள். வளையங்களைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். ஈரத்தோடு துணிப்பைக்குள் போட்டு மூடிவைத்தால் இரண்டே வாரத்தில் வார்னிஷ் கொப்பளித்துவிடும், தக்கையில் பூஞ்சை பிடிக்கும். இரவு முழுவதும் வெளியே காயவிட்டு, மறுநாள் பையில் போட்டு, வெயில் படாத சுவரில் நேராகத் தொங்கவிடுங்கள். கோடைக்காலத்தில் காரின் பின்னறையில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.